சின்சி அத்தையின் கழுத்துத் துணி

“எனக்கு ஹூமெய் கத்துக் குடுண்ணே.”

கேட்கவே கூடாது என்று அம்மா உயிரோடிருந்த காலத்தில் வாயிலேயே அடித்துச் சொன்ன கேள்வி. ஹூமெய் பாடுவது, ஒரே தொண்டையிலிருந்து இரண்டு குரல் எழுப்புவது, ஆம்பிளைகள் வேலை, பொம்பளை பாடினால் வயிற்றில் பிள்ளை தங்காது, கூடப்பிறந்தவன் ஆயுசு குறையும் என்பாள் அம்மா. கிசில் நகரத்தில் இப்போது பெண்கள் மேடையேறியே பாடுகிறார்கள். இந்த வீட்டுக்குள் மட்டும் அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. அதனால் சைலிக்மா சண்டைக்குத் தயாராகவே வந்திருந்தாள். அந்த வம்சத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போய்ப் பட்டம் வாங்கியவள். அண்ணன் எரெஸ் எதைச் சொன்னால் எதைத் திருப்பி எறிவது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தாள்.

எரெஸ் சண்டை போடவில்லை. டீக் கிண்ணத்தைக் கீழே வைத்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் கழுத்தைப் பார்த்தான்.

“சரி. நாளைக்கே ஆரம்பிச்சுடலாம்.”

அடுப்போரம் உட்கார்ந்திருந்த சின்சி அத்தை இருமினாள்.

எரெஸின் குரலை அறியாதவர் அந்த ஊரில் இல்லை. ஆற்றுப் பனிக்கு அடியில் பாறை உருளுகிற மாதிரி ஒரு கீழ்க்குரல். அதன் தலைக்கு மேலே, கூரையைத் துளைத்துக்கொண்டு போகிற மெல்லிய சீழ்க்கை. அப்பாவுக்கும் அதே சீழ்க்கை இருந்தது, தாத்தாவுக்கும் இருந்ததாம். சின்சி அத்தை அப்பாவின் அக்கா, ஊமை. கோடையானாலும் குளிரானாலும் கழுத்தில் ஒரு நீலத்துணி சுற்றியிருப்பாள். அவள் அறையில் இல்லாமல் அந்த வீட்டு ஆண்கள் பாடியதே கிடையாது. கச்சேரிக்குப் போனாலும் திரைக்குப் பின்னால் அவளுக்கென்று ஒரு நாற்காலி. ஊமைப் பொம்பளையை இப்படித் தாங்குகிற குடும்பம் உண்டா என்று ஊரே மெச்சும். தன் வீட்டு ஆண்களிடம் சைலிக்மாவுக்குப் பிடித்திருந்தது அது ஒன்றுதான்.

பாடம் நடந்தது. தினமும் அவள் வேலை முடிந்து வந்ததும், நிலக்கரிப் புகை ஜன்னலில் பழுப்பாக அப்பிக்கிடக்க, உப்புப் போட்ட பால் டீ அடுப்பில் கொதிக்க, இருவரும் எதிரெதிரே உட்காருவார்கள்.

“நெஞ்சுல முக்காதே. தொண்டையில புடி. என்னடி, மலச்சிக்கல் வந்த எருது மாதிரி முழிக்கிறே?”

“நீ மட்டும் பெரிய அழகனா? போன வருஷம் போஸ்டர்ல உன் மூஞ்சியப் பாத்துட்டு எதிர்வீட்டு நாய் ராத்திரி பூரா குரைச்சுச்சு.”

சிரிப்பான். சிரித்துக்கொண்டே இரண்டு விரலை அவள் கழுத்தில் வைத்து, இந்தக் காதுக்கடியிலிருந்து அந்தக் காதுக்கடி வரை மெதுவாக நகர்த்துவான்.

“என்ன பண்றே?”

“கீழ்க்குரல் எங்க உக்காருதுன்னு பாக்குறேன்.”

மறுநாளும் பார்த்தான். அதற்கு மறுநாளும்.

பாடம் இல்லாத நேரங்களில் ஒரு கருங்குதிரையின் வால் முடியை மடியில் போட்டுக்கொண்டு இழை இழையாகப் பிரித்தெடுத்தான். இகில் வாத்தியத்துக்குத் தந்தி திரிக்கவா என்று கேட்டதற்கு “ம்” என்றான். சுவரில் தொங்கிய இகிலில் இரண்டு தந்தியும் புதுசாகத்தான் இருந்தன.

அத்தையின் இருமல் மட்டும் அடங்கவில்லை. அவள் இருமும்போதெல்லாம் எரெஸின் சீழ்க்கை நடுவில் அறுந்துபோவதைச் சைலிக்மா கவனித்தாள். அத்தையிடமிருந்து சளி ஒட்டியிருக்கும் என்று நினைத்தாள். அப்படித்தானே யாரும் நினைப்பார்கள்.

அவளுக்குக் கீழ்க்குரல் வந்துவிட்டது. சீழ்க்கைதான் வரவில்லை.

அது வந்த சாயங்காலம் எரெஸ் நிலக்கரி அள்ளக் கொட்டகைக்குப் போயிருந்தான். சூரியன் புகைக்குள் அழுக்குக் காசு மாதிரி கிடந்தது, அடுப்பில் விறகு வெடித்தது, ஆட்டுக்கொழுப்பு வாசனையும் ஈரக் கம்பளி வாசனையும் அறையில் தேங்கியிருந்தன, அத்தை தன் இடத்தில் தன் நீலத்துணியோடு, ஆறிப்போன கிண்ணத்தைப் பார்த்தபடி இருந்தாள். சைலிக்மா கீழ்க்குரலைப் பிடித்தாள். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, உதட்டைக் குவித்து, எங்கோ ஒரு நூலிழை அகலத்துக்குள் காற்றைச் செலுத்தினாள். வந்துவிட்டது. சுத்தமான, குளிர்ந்த சீழ்க்கை. மூச்சு தீரும்வரை பாடினாள்.

மூச்சு தீர்ந்தது. வாயை மூடினாள்.

சீழ்க்கை நிற்கவில்லை.

அறைக்குள்தான் கேட்டது. அடுப்புப் பக்கம்.

அத்தையின் வாய் மூடியிருந்தது. உதடு அசையவில்லை. கழுத்துத் துணி மட்டும் துடித்தது. துணிக்கடியில் பறவை ஒன்று மாட்டிக்கொண்ட மாதிரி.

“அத்தை?”

அத்தை கண்ணில் நீர். சீழ்க்கை.

சைலிக்மா துணியை அவிழ்த்தாள். மடிப்பு மடிப்பாக. கடைசி மடிப்பு தோலோடு ஒட்டியிருந்தது.

கழுத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு கோடு. தந்தி. குதிரைமுடித் தந்தி. மரத்தில் கட்டிய கம்பியைப் பட்டை வளர்ந்து விழுங்கிவிடுமே, அப்படிச் சதைக்குள் பாதி புதைந்து கிடந்தது. பிடரியில் ஒரு முடிச்சு. சீழ்க்கை அந்தத் தந்தியிலிருந்து வந்தது.

அத்தை கையைத் தூக்கினாள். சைலிக்மாவின் கழுத்தைக் காட்டினாள். பிறகு இகிலின் தோலுறையைக் காட்டினாள்.

சைலிக்மா உறைக்குள் கை விட்டாள். வழுவழுப்பாக ஏதோ சுருண்டு கிடந்தது. புதுத் தந்தி. கறுப்பு. வளையமாக முறுக்கி, முடிச்சுப் போட முனையை மட்டும் விட்டிருந்தது. தன் கழுத்தில் வைத்துப் பார்த்தாள்.

அளவு சரியாக இருந்தது.

கதவு திறந்தது. குளிரும் வாளியுமாக எரெஸ். அத்தையின் வெறும் கழுத்தைப் பார்த்தான். வாளியைச் சத்தமில்லாமல் இறக்கி வைத்தான்.

“யாரு கட்டினது?” என்றாள் சைலிக்மா.

“தாத்தா.” அவன் குரல் சாதாரணமாக இருந்தது. “அத்தை அப்ப சின்னப் புள்ள. ஆத்தோரம் பாடுவாளாம், குதிரையெல்லாம் மேய்ச்சல விட்டுட்டு நிக்குமாம். தாத்தா பாடினா ஒரு நாய்கூட நிக்காது. கட்டினதுக்கு அப்புறம் அவருக்கு வந்துச்சு. பொறவு அப்பாவுக்கு. பொறவு எனக்கு.”

“அப்ப உங்கள்ல ஒருத்தனுக்கும் பாடத் தெரியாது.”

“கீழ்க்குரல் எங்களுது.” அவனுக்கு நிஜமாகவே ரோஷம் வந்தது. “அத்தை இந்தப் பனிக்காலம் தாண்ட மாட்டா, சைலி. கத்துக்காத தொண்டையில கட்டிப் பிரயோஜனமில்ல. உன்கிட்ட எப்படிப் பேச்செடுக்கிறதுன்னு தவிச்சுக்கிட்டிருந்தேன். நீயே வந்து கேட்டே.”

ஒரு அடி வைத்தான்.

“கடைசி வரைக்கும் உன்னை நல்லா வச்சுப் பாத்துப்பேன். எல்லாக் கச்சேரிக்கும் கூட்டிட்டுப் போவேன். அத்தைக்கு என்ன குறை வச்சோம்? சொல்லு.”

சைலிக்மாவுக்குத் தன் வேலை, சொந்தச் சம்பளம், சொந்த வாய், எல்லாம் இந்த வளையத்துக்குள் அடங்கிவிடும் என்று புரிந்தது. நாற்காலி கூடத் தெரிந்தது. திரைக்குப் பின்னால்.

வளையத்தைத் தரையில் எறிந்தாள். சுவரில் ஆட்டுமுடி வெட்டும் கத்திரி. எடுத்தாள். எரெஸ் கையை நீட்டினான். “வேணாம். வேணாம்டி. என் தொண்டையில ஒண்ணுமே மிஞ்சாது…”

அத்தை தலை குனிந்தாள். முடிச்சைக் காட்டிக் குனிந்தாள்.

சைலிக்மா வெட்டினாள்.

தந்தி ஒரு நொடி முனகியது. பிறகு அத்தையின் வாய் திறந்தது. அந்தச் சுருங்கிய வாயிலிருந்து ஒரு சிறுமியின் குரல் வந்தது. ஆற்றோரச் சிறுமி. கீழே ஒன்று, மேலே ஒன்று. இரண்டும் அவளுடையவை. பாடினாள். மார்பு ஏறி இறங்கியது. இறங்கியது. அப்புறம் ஏறவில்லை.

பாட்டு மட்டும் நிற்கவில்லை. அறையில் இருந்தது. அசையாத முகத்துக்கு மேலே.

எரெஸ் வாயைத் திறந்தான். மூடினான். திறந்தான். உள்ளே காற்று போகிற சத்தம்கூட இல்லை. புதுத் தந்தியைத் தரையிலிருந்து எடுத்து இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு தங்கையைப் பார்த்தான்.

சைலிக்மா கோட்டை மாட்டிக்கொண்டாள். கத்திரியை உள்ளே செருகினாள். கதவைச் சாத்தவில்லை.

தெருவில் புகை. ஆள் தெரியாத புகை. எதிர்வீட்டில் ஹெரெல் சாதகம் செய்துகொண்டிருந்தான். கீழ்க்குரலும் அதன் மேலே அருமையான சீழ்க்கையுமாக. அவனும் பேர்பெற்ற பாடகன். அவனுடைய அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வாயில்லாத பிறவி, பாவம் என்பார்கள். எத்தனை வருடமாகப் பார்த்த முகம். கழுத்தில் எப்போதும் அந்தச் சிவப்புத் துணி.

அவள் சைலிக்மாவையே பார்த்தாள்.

சைலிக்மா தெருவைக் கடந்து கேட்டைத் தள்ளினாள். கண்ணாடிக்குப் பின்னால் சிவப்புத் துணி துடித்தது. அடுத்த வீட்டு ஜன்னலில் ஒரு பச்சைத் துணி. அதற்கடுத்த ஜன்னலில், புகைக்குள், இன்னொன்று.