வெளிச்சம் பட்டால்

அப்துல் ஜலீலை அடக்கம் செய்த பன்னிரண்டாம் நாள், மழை மத்தியானம் ஒன்றில், ஜன்னலோரம் கிடந்த அவருடைய போன் "தண்ணி" என்றது.

சைத்தூன் பீவி எழுந்தேவிட்டாள். மூன்று வருஷப் பழக்கம். பாதி வழியில்தான் தன் புருஷன் இப்போது இல்லை என்பது உறைத்தது.

பக்கவாதத்தில் அவருக்குப் பேச்சு போனதும், மூளைக்குள் அரிசி மணியளவில் ஒரு சில்லு வைத்தார்கள். வயரும் இல்லை, பேட்டரியும் இல்லை. தலையில் மாட்டும் தொப்பியின் சிவப்பு வெளிச்சம் மண்டையோட்டைத் தாண்டி உள்ளே போகும். அதுதான் சில்லுக்கு உயிர். அவர் நினைப்பதைப் போன் பேசும். "வெளிச்சம் படலேன்னா அது வெறும் கல்லும்மா" என்றிருந்தார் இன்ஜினியர். உயிர் போன பிறகு மையத்தின் தலையைக் கீற மனசில்லாமல் சில்லோடேயே புதைத்திருந்தார்கள்.

தண்ணி, வலி, திருப்பிப் போடு. ராவும் பகலும் இதேதான். அவளுக்கு எலும்பு வரை அலுத்துப்போயிருந்தது. கடைசி நாளில் போன் "மூச்சு முட்டுது" என்று மூன்று தடவை சொன்னது. அவளுக்கு ஒரு மணி நேரம் தூங்கினால் போதும் என்றிருந்தது. தொப்பியைக் கழற்றிவிட்டுப் படுத்தாள். எழுந்தபோது அவர் சில்லிட்டுக் கிடந்தார். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"இர்ஃபானா, அத்தா தொப்பி எங்கடி?"

"பீரோவுல வச்சுப் பூட்டியிருக்கும்மா. கொஞ்சம் படுங்க, நான் கடைக்குப் போயிட்டு வந்துர்றேன்" என்று மகள் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

சைத்தூன் பீவி சாவி எடுத்து பீரோவைத் திறந்து பார்த்தாள். தொப்பி அணைந்து, குளிர்ந்து கிடந்தது. வெளியே சம்பா வயல் மூழ்கி, அழுகிய நாற்று வாடையும் ஓயாத தவளைச் சத்தமும் ஜன்னல் வழியே ஏறி வந்தன. வயலுக்கு அப்பால், வாய்க்கால் கரையில், அவரை அடக்கிய மையவாடி. அத்தனை மண்ணுக்கு அடியில் யார் விளக்குப் பிடிக்கிறார்கள்?

"அப்துல் ஜலீல்" என்றது போன்.

பிறகு மௌனம். யாரோ ஒரு கேள்வி கேட்டு முடிக்கிற நேரம்.

"ஆமா. மூச்சு முட்டிச்சு. சொன்னேன்."

போனை அணைத்தாள். திரை இருண்டது. குரல் நிற்கவில்லை.

"கழட்டிட்டா."

"வேணாங்க… சொல்லாதீங்க."

மௌனம் இம்முறை நீண்டது.

"சைத்தூன்."

மழை நின்றது. தவளைகளும்.

"வீட்லதான் இருக்கா."

சாத்திய கதவின் கீழிடுக்கு வழியே, ஈரத் தரையில், சிவப்பு வெளிச்சம் மெல்ல உள்ளே வந்தது.