கேட்டால் பட்டனை அமுக்குங்கள்

ஆபீஸுக்கு இடம் தேடுகிறவர்கள் வெளிச்சம் பார்ப்பார்கள், வண்டி நிறுத்த வசதி பார்ப்பார்கள். பத்மப்ரியா சத்தம் பார்த்தாள். காது பரிசோதனை நிலையம் வைக்கப் போகிறவள் வேறு எதைப் பார்ப்பது?

கழக்கூட்டத்தில் பல கம்பெனிக்காரர்கள் பங்கிட்டு உட்காரும் கண்ணாடிக் கூடம் ஒன்றைக் கணவன் ஆனந்தகிருஷ்ணன் காட்டினான். மேசைக்கு மேசை ஃபோன் பேச்சு. பழவங்காடியில் கடைகளுக்கு மேலே ஒரு மாடி அறை கிடைத்தது. பக்கத்துக் கோயிலில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைபடும் சத்தம் அங்கே ஓயவேயில்லை. மூன்றாவதாகப் பார்த்ததுதான் கரமனை அக்கிரகாரத்து வீடு.

கொல்லைப்பக்கம், கிணற்றுக்கு எதிரே, தனியாக ஒரு சின்ன அறை. கனத்த சுவர், ஜன்னல் கிடையாது. நுழைந்ததும் வெயில் காணாத ஈரத்துணி வாடை அடித்தது. சத்தம் அளக்கும் கருவியை நீட்டினாள். எண் இறங்கியது, இன்னும் இறங்கியது. வேலை பார்த்த ஆஸ்பத்திரியில்கூட இப்படி ஓர் அமைதியை அவள் கண்டதில்லை.

"ஸ்டோர் ரூமாக்கும்," என்றார் வீட்டுக்காரர் நீலகண்டன். எழுபதைத் தாண்டியவர், காது மந்தம். அறை வாசலிலேயே நின்றுகொண்டார், உள்ளே கால் வைக்கவில்லை. பத்மப்ரியா அதைக் கவனித்தாள். கவனித்தும் வாடகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள்.

"ஒரு எடம் பாக்கக்கூடத் தெரியலைன்னா பேசாம ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போ," என்று ஆனந்தகிருஷ்ணன் சொல்லியிருந்தான். இந்த இடம் சரிப்படாமல் போனால், ஆயுசு பூராவும் அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டே அவனுக்குச் சோறு பரிமாற வேண்டும்.

அறைக்குள் ஒரு நாற்காலி, ஹெட்ஃபோன், கையில் பிடிக்க ஒரு பட்டன். வெளியே, கொல்லைத் தாழ்வாரத்து மேசையில் இயந்திரம். இவள் ஒலி அனுப்புவாள். கேட்டால் உள்ளே இருப்பவர் பட்டனை அமுக்குவார், மேசையில் பச்சை விளக்கு எரியும். உள்ளே இருப்பவரிடம் பேச ஒரு மைக்கும் உண்டு.

திறந்த நாளிலிருந்தே பச்சை விளக்கு தன் இஷ்டத்துக்கு எரிந்தது. இவள் ஒன்றும் அனுப்பாதபோது எரிந்தது.

ஸ்ரீவராகத்திலிருந்து வந்த ஒரு மாமி, பாதியிலேயே ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு வெளியே வந்தாள்.

"உள்ளே ஆரோ மொனகறா மாதிரி இருக்கே!"

"அது காதிரைச்சல் மாமி. இந்த வயசுல சகஜம்."

வந்தவர்களுக்கெல்லாம் இதையே சொன்னாள். உதவிக்கு இருந்த ஜினி பாறசாலைக்காரி, மனதில் பட்டதை வைத்துக்கொள்ளத் தெரியாதவள்.

"மேடம், வர்றவங்க எல்லாருக்கும் ஒரே இரைச்சலா? அது எப்படி?"

"உன் வேலையைப் பாரு," என்று எரிந்து விழுந்தாள் பத்மப்ரியா.

காது மெஷின் ஒன்று இலவசமாகத் தருவதாக நீலகண்டனுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். ஒரு நாள் மதியம் வந்தார். இலவசம் என்றால் விட மனசில்லை, உள்ளே வரவும் மனசில்லை.

"முன்னாடி ரூம்ல வெச்சே பாத்தா போறாதோ?"

"சத்தமில்லாத எடத்துலதான் மாமா சரியா பாக்க முடியும்."

கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு போய்த்தான் உட்கார வைத்தாள். மெஷினைக் காதில் பொருத்தி, மெல்ல ஆன் செய்தாள்.

அவர் கண்ணைச் சிமிட்டினார். கொல்லையில் கரைந்த காக்கைக்கு லேசாகச் சிரித்தார்.

சிரிப்பு நின்றது.

தலை மூலைப் பக்கம் திரும்பியது.

மூலையில் ஒன்றுமில்லை.

"மாமா, என்ன கேக்கறது?"

மெஷினைப் பிடுங்கித் தரையில் எறிந்தார்.

"கேக்கலை!"

"மாமா..."

"சிராத்தத்தன்னிக்கு, தூரமா இருக்கறவா குரல் காதுல விழப்படாது. அம்மா சொல்லிட்டா. ஆர் காதுலயும் விழலை. கோமதியக்கா ஜுரத்துல தண்ணி கேட்டதெல்லாம் ஆருக்கும் கேக்கலை. கேட்டயா? ஒருத்தருக்கும் கேக்கலை!"

செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

அப்போதுதான் பத்மப்ரியாவுக்கு விளங்கியது. ஸ்டோர் ரூமாவது மண்ணாவது. மாதவிலக்கான பெண்களைத் தள்ளி உட்கார வைத்த அறை. உள்ளே ஒருத்தி ஜுரத்தில் நாக்கு வறண்டு கத்தியிருக்கிறாள். முன்கட்டில் வீடு கொள்ளாத சொந்தம், இலை போட்டுத் திவசச் சாப்பாடு. கிணறோ எதிரிலேயே. பாவிகள்! அத்தனை பேருக்கும் நல்ல காதுதான்.

ஜினி பையைத் தோளில் மாட்டியிருந்தாள். "எனக்கு இந்த ஜோலி வேண்டா மேடம். நீங்களும் இங்கே இருக்க வேண்டா."

அவள் போனதும் வீடு அடங்கிப்போயிற்று. கொல்லையில் நல்ல வெயில். அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே காலி நாற்காலி, அதன்மேல் ஹெட்ஃபோன்.

காலி செய்துவிட்டுப் போகலாம். ஆனந்தகிருஷ்ணன் ஒன்றும் சொல்ல மாட்டான், சிரிப்பான். அந்தச் சிரிப்பை நினைத்ததும் அவளுக்கு ஒரு வீம்பு வந்தது. மேசையில் உட்கார்ந்து, காலி அறைக்குள் ஓர் ஒலியை அனுப்பினாள்.

பச்சை விளக்கு எரிந்தது.

ஒலியைக் குறைத்தாள்.

எரிந்தது.

இயந்திரம் எவ்வளவு குறைக்குமோ அவ்வளவும் குறைத்தாள். அது அவள் காதுக்கே எட்டாத ஒலி.

தயங்காமல் எரிந்தது.

இப்படிப்பட்ட காதோடுதான் கோமதி இங்கே கிடந்திருக்கிறாள். பரிமாறும் கரண்டிச் சத்தம் கேட்டிருக்கும். கிணற்று ராட்டினம் கேட்டிருக்கும். 'காதில் போட்டுக்காதே' என்று ஒருவருக்கொருவர் கிசுகிசுத்ததும் கேட்டிருக்கும்.

கதவின் அந்தப் பக்கத்திலிருந்து மெல்லிய குரல் வந்தது.

"தண்ணி..."

காதிரைச்சல் இல்லை. தெளிவாகவே கேட்டது.

மேசையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. பத்மப்ரியா அதை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கதவுக்கு நாலு எட்டுதான். ஃபோன் அடித்தது. ஆனந்தகிருஷ்ணன்.

"என்ன, எடம் எப்படி இருக்கு? ஒண்ணும் பிரச்சினை இல்லையே?"

"தண்ணி..." என்றது குரல் மறுபடியும்.

பத்மப்ரியா பாட்டிலை மேசையில் வைத்தாள்.

"நல்ல எடம்தான்," என்றாள். "ஒரு சத்தமும் கேக்கலை."

இயந்திரத்தின் மைக்கை அவள் அணைத்திருக்கவில்லை.

பச்சை விளக்கு எரிந்தது. பிறகு அது அணையவேயில்லை.