தூங்காத வண்டி

மத்தியானம் மூன்று மணிக்கே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மீட்டர் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டு ஷெட்டுக்குள் நுழைந்தபோது, ஈரச் சிமெண்டும் பழைய ஆயிலும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. வண்டிகளில் கரண்ட் கோளாறு பார்ப்பதுதான் அவர் பிழைப்பு. கழுத்தில் கரண்ட் அளக்கும் மீட்டரை மாட்டிக்கொண்டே திரிந்ததில், பெற்றவர்கள் வைத்த பெயர் எப்போதோ காணாமல் போய், 'மீட்டர்' என்பதே நிலைத்திருந்தது.

"ராத்திரி காரை நல்லா நிறுத்துறேன் அண்ணே, காலையில செத்துக் கிடக்கு," என்றான் வீட்டுக்காரன். சின்ன வயசுதான், ஆனால் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "ரெண்டு பேட்டரி மாத்தியாச்சு. கடைசியா வந்த மெக்கானிக் பேய் புகுந்திருக்குன்னுட்டுப் போயிட்டாரு."

"பேயா இருந்தாலும் கரண்டை இழுத்தா மீட்டர்ல காட்டித்தான் ஆகணும், தம்பி."

அவன் சிரிக்கவில்லை. "வீட்ல அவளுக்கு இந்த வாரம் நாள் சொல்லியிருக்காங்க. வலி எடுத்தா வண்டி கிளம்பணும்."

"அவசரம்னா வேற வண்டி கூப்பிட்டுக்கலாமே?"

"போன வருஷமும் கூப்பிட்டேன்," என்றான்.

மீட்டர் பானெட்டைத் திறந்து, பேட்டரியின் ஒரு வயரைக் கழற்றி, நடுவில் மீட்டரைக் கோத்தார். கதவுகளைப் பூட்டச் சொன்னார். இனி அரை மணி நேரம் சும்மா இருக்க வேண்டும். பூட்டியதும் வண்டி அடங்கிவிடாது. உள்ளே ஒவ்வொன்றாகத்தான் அணையும். அதை அவர் தொழிலில் 'வண்டி தூங்குவது' என்பார்கள். தூங்கிய வண்டியில் முள்ளளவு, மீட்டரில் 0.05-க்குள்தான் கரண்ட் ஓட வேண்டும். அதற்கு மேல் ஓடினால் எதுவோ விழித்திருக்கிறது என்று அர்த்தம்.

தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டது. எண் இறங்கி இறங்கி 0.40-ல் நின்றது. ஒரு மணி நேரம் ஆகியும் அசையவில்லை.

"தூங்க மாட்டேங்குதே," என்று முணுமுணுத்தார் மீட்டர்.

அவன் சட்டென்று திரும்பினான். "என்ன சொன்னீங்க?"

"வண்டியைச் சொன்னேன்பா."

அவன் சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டான். பிறகு தரையைப் பார்த்தபடி பேசினான். "எங்க பையனும் இப்படித்தான். நாலு வயசு. இந்த வண்டியில பின் சீட்டுல படுத்தாத்தான் தூக்கம் வரும். உள்ள லைட்டு எரியணும், இருட்டுன்னா பயம். தெருவை நாலு சுத்து சுத்துவேன். தூங்கினதும் லைட்டை அணைச்சிட்டுத் தூக்கிட்டுப் போவேன். ஒரு நாள் எனக்கே அசதி, அணைக்க மறந்துட்டேன். விடியக்காலை அவனுக்கு ஜுரம் ஏறி வெட்டி வெட்டி இழுத்துச்சு. சாவியைத் திருப்பினேன். பேட்டரி செத்துப் போயிருந்துச்சு." மூக்கை உறிஞ்சினான். "கூப்பிட்ட வண்டி வர்றதுக்குள்ள முடிஞ்சு போச்சுண்ணே."

மீட்டர் ஃப்யூஸ்களைப் பிடுங்க ஆரம்பித்தார். ஒன்றைப் பிடுங்குவது, எண்ணைப் பார்ப்பது, திரும்பச் சொருகுவது. எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ அங்கேதான் கரண்ட் திருட்டு. ஹாரன், ரேடியோ, கதவுப் பூட்டு, எதற்கும் மசியவில்லை. ஏழாவதைப் பிடுங்கியதும் 0.02.

"கிடைச்சிருச்சு. உள் லைட்டு. எங்கேயோ எரிஞ்சிட்டிருக்கு."

"அதுல பல்பே இல்லண்ணே. அன்னைக்கே நான் பிடுங்கி எறிஞ்சிட்டேன்."

மீட்டர் கதவுக் கண்ணாடி வழியாக வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். உள்கூரையில் வெறும் குழிதான் இருந்தது.

வீட்டுக்குள்ளிருந்து மனைவியின் குரல் கேட்க, அவன் எழுந்து போனான். ஷெட்டில் மீட்டர் மட்டும் நின்றார். ஃப்யூஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வேலை முடிந்தது என்று மீட்டரைக் கழற்றக் குனிந்தார்.

0.02.

0.15.

0.40.

பிடுங்கிய ஃப்யூஸ் பையில் இருந்தது. தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பின் கதவுக் கண்ணாடியின் கீழ் ஓரத்தில், உள்பக்கமாக ஓர் உள்ளங்கை அளவுக்கு ஆவி படிந்தது. கலைந்தது. மறுபடி படிந்தது.

யாரோ மூச்சு விடுகிறார்கள்.

மழைச் சத்தத்துக்கு அடியில், அழுது ஓய்ந்த குழந்தையின் விசும்பல் மாதிரி ஒன்று கேட்டது.

"இருட்டுல பயந்துக்கிறான்."

அவள் ஷெட் வாசலில் நின்றிருந்தாள், நிறைமாத வயிற்றைக் கையில் தாங்கிக்கொண்டு. முகத்தில் பயம் இல்லை, ஏக்கம்தான் இருந்தது. மெல்ல நடந்து வந்து, கையிலிருந்த சாவியால் பின் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள். காலி சீட்டைத் தட்டிக்கொடுத்தாள்.

"அம்மா வந்துட்டேன்டா கண்ணா. அன்னைக்கு வண்டி கிளம்பலன்னு நீ முழிச்சிட்டு இருக்கியா? உன் மேல தப்பு இல்ல. அப்பா மேலயும் இல்ல. தங்கச்சியோ தம்பியோ வரப்போகுது, கூட்டிட்டு வரணும்ல? நீ தூங்கினாத்தான் வண்டி ஓடும்."

அவள் பின்னாலேயே வந்திருந்த கணவன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். மீட்டருக்கும் கண் கலங்கிவிட்டது.

கதவைத் திறந்தால் எண் ஏற வேண்டும். அது இறங்கியது.

0.31. 0.12. 0.02.

கண்ணாடியில் ஆவி படியவில்லை. மீட்டர் வயரை மாட்டி, பானெட்டை மெதுவாக, சத்தம் வராமல் மூடினார். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் மழையில் இறங்கி நடந்தார்.

வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றும்போதுதான் பையிலிருந்து ஃப்யூஸ் விழுந்தது. திரும்பப் போய்ச் சொருக மனம் துணியவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் கடையில் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது.

"அண்ணே, ஒரே ஸ்டார்ட்ல கிளம்பிருச்சு. பெண் குழந்தை. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. இப்பத்தான் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன்." அவன் குரல் தழுதழுத்தது. "வர்ற வழியில பாப்பா அழுதுச்சு. உடனே உள்ள லைட்டு எரிஞ்சுது. நீங்க பல்பு போட்டுட்டுப் போனீங்களா?"

மீட்டர் மேசையில் கிடந்த ஃப்யூஸைப் பார்த்தார். விரலால் தொட்டார். சுட்டது.

"ஆமா தம்பி," என்றார்.

"இன்னும் எரியுதுண்ணே. பேட்டரி போயிடாதே? எப்படி அணைக்கிறது?"

"நீ அணைக்காத," என்றார் மீட்டர். "பாப்பா தூங்கினதும் அவனே அணைச்சிடுவான்."