ஆளில்லாத வீட்டுக்கு ஒரு குடம்

"எங்கடையாலதான் காய்ச்சல்னு தெருக்காரங்க கடைய எடுக்கச் சொல்றாங்க சார். இல்லாட்டி சாயங்காலம் அவுகளே பிரிச்சுப் போட்டுருவாங்களாம். நான் எங்கிட்டுப் போவேன்?"

இளநீர் விற்கும் மருதாயி சுகாதார நிலைய வாசலில் நின்று அழுதாள். சுகாதார ஆய்வாளர் சேவுகன் பேனாவை மூடினார். ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து டெங்கு, டெங்கு என்று அலைந்து அவருக்குக் கால் வீங்கியிருந்தது. காய்ச்சல் வந்தால் போதும், ஊருக்கு உடனே ஒரு குற்றவாளி வேண்டும். அதுவும் ஏழையாகப் பார்த்து வேண்டும். என்ன ஊரோ!

புதிதாக வேலைக்குச் சேர்ந்த இலக்கியா அதற்குள் எழுந்துவிட்டாள். "இளநீர் மட்டையில தண்ணி நிக்கும், கொசு வரும். கேஸ் முடிஞ்சது சார்."

"பாத்துட்டு முடிப்போம்மா."

திருமயம் பக்கத்து அந்தத் தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. சொந்தக்காரர்கள் சென்னையில் இருந்தார்கள். மருதாயி கடைமுன் கூட்டம். முன்னால் நின்றவள் செவந்தி. அவள் மகள் இளமதிதான் தெருவில் முதலில் காய்ச்சலில் விழுந்தவள். இப்போது புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

"எம்புள்ளைய இந்தப் பாவிதான் சார் படுக்க வெச்சுட்டா!" என்று கத்திய செவந்தி, இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு பூட்டியிருந்த பெரிய வீட்டைத் திறந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது குடம் காலி.

சேவுகன் மட்டைகளைப் பார்த்தார். எல்லாம் பிளந்து, கவிழ்த்துப் போட்டிருந்தன.

"அடுப்பெரிக்கக் குடுக்குறதுங்க," என்றாள் மருதாயி.

"ஒனக்குக் காய்ச்சல் வந்துச்சா?"

"இல்லைங்க."

யார் யாருக்கு வந்தது என்று விசாரித்தார். எல்லாம் பெரிய வீட்டை ஒட்டிய வீடுகள்.

"செவந்தி, அந்த வீட்டுல யாரு இருக்கா?"

"யாருமில்லைங்க. வெள்ளிக்கிழமை நானும் எம்மகளும் போயி விளக்கேத்துவோம்."

"அப்ப இந்தக் குடத்துத் தண்ணியக் குடிச்சது யாரு?"

செவந்தி காலிக் குடத்தைக் கீழே இறக்கினாள். "வெறும் வீடாப் போடக் கூடாது, அண்டா நெறஞ்சே இருக்கணும்னு வீட்டுக்கார ஆச்சி சென்னைக்குப் போறப்ப சொல்லிட்டுப் போனாக. கொறைஞ்சா ஊத்துவேன்."

"கவுத்துக் கழுவுனியா?"

"நெறஞ்ச அண்டாவ யாருங்க கவுப்பா?"

உள்ளே, முற்றத்துத் தாழ்வாரத்தில் இருந்தது அண்டா. டார்ச் அடித்த இலக்கியாவின் முகம் மாறியது. "சார், பூரா கொசுப்புழு நெளியுது."

சேவுகன் தூணில் சாய்ந்துகொண்டார். "கவுத்துக் காயப் போட்ட மட்டையில தண்ணி நிக்காது. நாள் பூரா அங்கயே உக்காந்திருக்குற மருதாயிக்குக் காய்ச்சலும் இல்ல. ஆளில்லாத வீட்டுக்கு மட்டும் தண்ணி போகுது. கொசு அண்டா ஓரத்துல முட்டை வைக்கும், அது காஞ்சு கெடக்கும். நீ ஊத்துற தண்ணி ஏறி நனைச்சதும் பொரிஞ்சிரும். முத்தம் தெறந்து கெடக்கு, கொசுவுக்குச் சாவி எதுக்கு? மொதல்ல கடிபட்டது, ஒங்கூட விளக்கேத்த வந்த புள்ள."

செவந்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, எங்கையாலயே ஊத்திட்டேனே!"

பின்னாலேயே வந்திருந்த கூட்டம் ஒவ்வொருவராக நழுவியது. மருதாயி கடைக்குப் போனாள். இரண்டு இளநீரைச் சீவிக்கொண்டு வந்து செவந்தி முன் வைத்தாள். "எந்திரி. புள்ளைக்குக் கொண்டு போ." குரலில் கோபம் இன்னும் இருந்தது.

சேவுகனுக்கு வீட்டுக்குப் போய்ப் படுத்தால் தேவலை என்றிருந்தது.

"இலக்கியா, இதக் கவுத்துத் தேய்ங்க. மத்த வீட்டுச் சாவியெல்லாம் யாருகிட்ட இருக்குன்னு கேளுங்க."

செவந்தி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு பெரிய சாவிக்கொத்து.

"எங்கிட்டதான் சார். எல்லா வீட்டுலயும் ஊத்தியிருக்கேன்."