இரண்டு மணிச் சங்கு

இடித்துப்போட்ட சர்க்கரை ஆலையிலிருந்து செங்கல் அள்ளிவர, நானும் என் கணவன் போகுஷும் டிராக்டரில் போனோம். பன்றிக் கொட்டகைக்குச் சுவர் எழுப்ப வேண்டியிருந்தது. முற்பகல்தான், ஆனால் நவம்பர் பனிமூட்டத்தில் டிராக்டரின் மூக்குகூடத் தெரியவில்லை.

என் மாமனார் காலத்தில் வந்த ஆலை. அது வந்த பிறகுதான் ரயிலும் பள்ளிக்கூடமும் எங்கள் தெருவும் வந்தன. அரவைப் பருவம் முழுக்க, சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு வேகும் மண்வாடையில் ஊரே ஊறிக் கிடக்கும். பனி இறங்கினால் ஆலையின் நீராவிச் சங்கை விடாமல் ஊதுவார்கள். கிழங்கு வண்டிகள் சங்கு கேட்கும் திசையைப் பிடித்து வந்தால் ஆலை வாசல், விலகினால் கழிவுக்குளம். மேலே புல் முளைத்துத் தரைபோல் இருக்கும், உள்ளே ஆளை விழுங்கும் சேறு. ஆலையில் கிழங்கு வண்டி ஓட்டிய போகுஷ் அப்படியே பழகியவன்.

பிறகு தலைநகர் வார்சாவிலிருந்து உத்தரவு வந்தது. மூடினார்கள். கொதிகலன் கட்டடத்தை இடித்த அன்று, சங்கூதும் கெர்வாசி அந்தப் பித்தளைச் சங்கைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு குளத்துக்குள் நடந்தான். ஆளும் கிடைக்கவில்லை, சங்கும் கிடைக்கவில்லை.

"மெதுவா ஓட்டு, போகுஷ்."

"கண்ணை மூடிக்கிட்டே போவேன்டி. நீ வாயை மூடிக்கிட்டு வா."

சங்கு ஊதியது.

தாழ்ந்து, நீண்டு, ஈரமாக.

போகுஷின் கை தானாக வண்டியைத் திருப்பியது. அவன் முகத்தில் ஒரு நிம்மதி.

"பாத்தியா? வாசல் அந்தப் பக்கம்."

"எந்த வாசல்? கொதிகலனே இல்லையே, யாரு ஊதுறா?"

"கெர்வாசிதான். வேற யாரு?"

வெந்த கிழங்கின் வாடை குப்பென்று அடித்தது. முன்சக்கரம் புல்லைக் கிழித்து இறங்கியது. அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்பக்கமாகக் குதித்தேன். டிராக்டர் சத்தமே இல்லாமல் சேற்றுக்குள் போயிற்று.

குமிழி வந்த இடத்திலிருந்து மறுபடியும் சங்கு.

வீடுவரை அவனை இழுத்துக்கொண்டு நடந்தேன். கதவைத் தாழிட்டேன். முட்டைக்கோஸ் சூப்பைச் சுடவைத்துக் கொடுத்தேன். அவன் தொடவில்லை. பூட்ஸையும் கழற்றவில்லை.

மணி இரண்டை நெருங்கியபோது சங்கு மூன்றாம் முறை ஊதியது. எங்கள் ஜன்னலுக்கு அடியில்.

போகுஷ் எழுந்தான்.

"எங்க போற?"

"ரெண்டு மணி ஷிப்டு. லேட்டாப் போனா கெர்வாசி கிண்டல் பண்ணியே கொன்னுடுவான்."

கதவை முதுகால் மறைத்து நின்றேன். "செத்தவன்டா அவன்! உட்காரு!"

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. பிறகு எதிர்வீடு. பிறகு தெரு முழுக்க, ஒவ்வொன்றாக. பனிக்குள் கனத்த பூட்ஸ்கள் ஒரே திசையில், குளத்தை நோக்கி நடந்தன.

என் முதுகுக்குப் பின்னால், போகுஷின் கை மெல்லத் தாழ்ப்பாளைத் தேடியது.