பக்கத்து வீட்டு அம்மா

பள்ளி விளையாட்டு விழாவுக்கு அம்மா வர மாட்டாள் என்றுதான் ஜனெல் நினைத்திருந்தாள். மேக்கன் நகரத்து மே மாத வெயில் அப்படி. வெயில் பட்டால் அம்மாவுக்கு மூட்டெல்லாம் வலிக்கும். கன்னங்கள் கருஞ்சிவப்பாகத் தடித்துவிடும். லூபஸ் என்று அந்த நோய்க்குப் பெயர்.

ஆனால் அம்மா வந்துவிட்டாள். குடை போல விரிந்த தொப்பி, முழுக்கைச் சட்டை, கையுறை, கறுப்புக் கண்ணாடி.

"யாருடி அது? தேன்கூடு கலைக்க வந்தவங்களா?" என்று கேட்டாள் கூடப் படிக்கும் மிகாயா. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

ஜனெலுக்குக் காது சூடேறியது. "எங்க பக்கத்து வீட்டு அம்மா" என்று சொல்லிவிட்டாள்.

சொல்லித் திரும்பினால், இரண்டடி தள்ளி அம்மா நிற்கிறாள். கையில் ஜனெலின் தண்ணீர் பாட்டில்.

அம்மா கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். பிறகு பாட்டிலை நீட்டினாள். "உங்கம்மா குடுக்கச் சொன்னாங்க. நல்லா ஓடு, கண்ணு."

மெதுவாக நடந்து போய்விட்டாள். அன்றைக்கு ஓட்டத்தில் எத்தனையாவதாக வந்தாள் என்றுகூட ஜனெலுக்குத் தெரியாது.

வீட்டில் அம்மா திட்டியிருந்தாலாவது தேவலை. திட்டவே இல்லை. வழக்கம்போலச் சோள ரொட்டி சுட்டுத் தந்தாள். ஜனெல் அதைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். 'அம்மா' என்று கூப்பிடவே வாய் கூசியது.

சனிக்கிழமை தேவாலயக் கூடத்தில் லூபஸ் உள்ளவர்கள் கூடினார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து டாக்டர் ஃபோன்டேன் வந்திருந்தார். அடுத்து எதை ஆராய்வது என்று நோயாளிகளையே கேட்டு முடிவு செய்யும் கூட்டம் அது. ஜனெல் எல்லோருக்கும் குளிர்ந்த தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு எது ரொம்பக் கஷ்டம்? மறைக்காம சொல்லுங்க" என்றார் டாக்டர்.

"களைப்புதான்" என்றார் ஒடெட் ஆன்ட்டி. "தலை சீவினாலே அரை நாள் படுக்கணும். நல்லவேளை, சீவுறதுக்குத் தலையில முடி அதிகமில்ல!"

கூடமே சிரித்தது. அடுத்து அம்மாவின் முறை.

"எனக்கு அப்படியொண்ணும் இல்லைங்க. பழகிடுச்சு."

பொய் சொன்ன மகளைக் காப்பாற்றத்தான் அம்மா மறைக்கிறாள் என்று ஜனெலுக்குப் புரிந்தது. முகம் எரிந்தது. தட்டைக் கீழே வைத்தாள்.

"அம்மா சொல்ல மாட்டாங்க. நான் சொல்றேன். ஸ்கூல்ல இவங்க யாருன்னு கேட்டாங்க. பக்கத்து வீட்டு அம்மான்னு சொல்லிட்டேன்." குரல் உடைந்தது. "எல்லாரும் சிரிச்சாங்க. என்ன சொல்றதுன்னே தெரியல."

ஜனெல் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என் மகன் வளர்ந்த ஆளு. இன்னும் கடைக்குப் போனா என்னை விட்டுப் பத்தடி தள்ளித்தான் நடக்கிறான்" என்றார் ஒடெட் ஆன்ட்டி மெல்ல.

"வீட்டுப் பிள்ளைங்க என்ன பாடுபடுறாங்கன்னு நாங்க கேட்டதே இல்ல. தப்புதான்" என்றார் டாக்டர். "ஜனெல், உன் வயசுப் பிள்ளைங்களுக்கு இதை எப்படிச் சொன்னா புரியும்?"

ஜனெல் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள்.

"கிருமியோட சண்டை போட வேண்டிய சக்தி, தப்பா அவங்க உடம்போடவே சண்டை போடுது. தொட்டா ஒட்டாது. வெயில் பட்டா ஜாஸ்தியாகும். அதான் தொப்பி."

"நான் ஒரு மணி நேரம் பேசுறதை ஒரே மூச்சுல சொல்லிட்டியே!" டாக்டர் எல்லோரையும் பார்த்தார். "அடுத்த ஆராய்ச்சி பிள்ளைங்களைப் பத்தி இருக்கலாமா? சரின்னா கையைத் தூக்குங்க."

முதலில் உயர்ந்தது அம்மாவின் கை.

காரில் ஏறியதும், "மன்னிச்சிடும்மா" என்றாள் ஜனெல்.

"வலிச்சுதுடி" என்றாள் அம்மா. பிறகு மகளின் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும், மிகாயா வாசலைக் காட்டினாள். "உங்க பக்கத்து வீட்டு அம்மா வந்திருக்காங்க பாரு!"

ஜனெலுக்கு மறுபடி காது சூடேறியது. ஆனாலும் சொன்னாள். "அது எங்கம்மா. அன்னிக்கு நான் பொய் சொன்னேன். அவங்களுக்கு லூபஸ்." கூடத்தில் சொன்னதையே அப்படியே சொன்னாள்.

மிகாயா காலால் மண்ணைக் கிளறினாள். "நான் வேற தேன்கூடுன்னு சொன்னேனே... சாரிடி."

"என்கிட்ட இல்ல. அவங்ககிட்ட சொல்லு, வா."

அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஜனெல் ஓடினாள். "அம்மா! அம்மா!" என்று அவள் போட்ட சத்தத்தில் பேருந்துக்கு நின்ற வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"மெதுவாடி!" என்று சிரித்தாள் அம்மா. "எனக்கு மூட்டுலதான் வலி. காது நல்லாவே கேக்குது!"