வான்டெல் மாலையின் நடுக்கல்

"அய்யோ... களவு! களவு!"

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. காரோடு கிராமத்தில் எழுந்த அந்த அலறலில் தென்னையிலிருந்த இரண்டு காக்கைகள் பதறிப் பறந்தன. ஒன்று தெற்கே நாகர்கோவில் பக்கம் போயிற்று. மற்றது வடக்கே திருவனந்தபுரம் பக்கம்.

தமிழ்நாடா, திருவிதாங்கூரா என்ற சண்டை நடந்த ஐம்பத்து நாலில் எங்கள் எல்லையில் காக்கைக்கும் கட்சி இருந்தது!

அலறியது சத்தியபாய். வயது அறுபத்திரண்டு. கணவர் ராஜையா இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்துத் திரும்பி, இறந்து எட்டு வருடம். பிள்ளை இல்லை.

பேச்சுத் துணைக்கு ஆளே இல்லை.

காரணம், காப்பி!

போலீஸுக்குப் பயந்து ஓடி வந்த போராட்டக்காரன் ஒருவனுக்குக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். பின்னாலேயே துரத்தி வந்த போலீஸ்காரனுக்கு மீதியைக் கொடுத்தாள். அன்றோடு தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்ற கட்சியும் அவள் வாசலை மிதிக்கவில்லை. சேரக்கூடாது என்ற கட்சியும் மிதிக்கவில்லை.

நாற்பத்தொரு நாள்!

இப்போதோ முற்றம் முழுக்க ஆள்!

"என்ன களவு போச்சு மைனி?" சபைக்காரி ஞானபாய் மூச்சிரைக்க வந்தாள்.

"வான்டெல் துரைக்க மாலை, பிள்ளே! பெட்டியில இல்ல!"

கூட்டம் 'ஆ' என்றது.

கொழும்பில் வான்டெல் என்றொரு நகைச் சிற்பி. ஆயுளில் பதினோரு வைர மாலைதான் செய்தான். ஒவ்வொன்றின் பின்புறமும் கடுகளவில் ஒரு தும்பி செதுக்கியிருக்கும். அதில் ஒன்று காரோட்டுக்கு எப்படி வந்தது?

தோட்டத்து துரைசானியைக் கடிக்க வந்த பாம்பை ராஜையா முந்திக்கொண்டு கடித்துவிட்டாராம். துரைசானி கழுத்திலிருந்ததைக் கழற்றிக் கொடுத்தாளாம்.

பாம்பை நான் பார்க்கவில்லை. மாலையைப் பார்த்திருக்கிறேன்.

நெய்யாற்றின்கரையிலிருந்து இன்ஸ்பெக்டர் சதாசிவன் இரண்டு கான்ஸ்டபிள்களோடு வந்து இறங்கினார்.

"எடுத்தது அப்புக்குட்டனாக்கும் சாரே!" என்றான் போராட்டக்காரன் கனகதாஸ்.

"எலே! ஒனக்க கொடிக்குத் துணி வாங்க நீ எடுத்திருப்ப!" என்று பாய்ந்தான் எதிர்க்கட்சி அப்புக்குட்டன்.

"மிண்டாதிரி ரெண்டு பேரும்!" என்ற இன்ஸ்பெக்டர் சத்தியபாயிடம் திரும்பினார். "அம்மச்சி, மாலை உண்டுன்னு வெளியூர்ல ஆருக்கு அறியும்?"

"பம்பாய்ல ஒரு சேட்டு. பழைய நகை சேர்க்குத ஆளு. மாசா மாசம் கடிதாசு போடுவாரு, 'விப்பியளா'ன்னு. நானும் 'யோசிக்கேன்'னு எழுதுவேன்."

"எத்தன காலமா?"

"அஞ்சு வருசம்."

"வித்திருந்தா சுகமா கழியலாமே!"

"வித்துப்போட்டா... பெறவு எனக்கு ஆரு சாரே கடிதாசு போடுவா?"

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார்.

சோதனை! பெட்டி, பரண், கோழிக்கூடு... எங்கும் இல்லை. கடைசியில் அடுக்களை மூலையிலிருந்த ஒரு மண்கலயத்தில் கையை விடப் போனார்.

"கைய எடும் சாரே!" ஞானபாய் சீறினாள். "கர்த்தருக்குள்ளதாக்கும்!"

பிடியரிசிக் கலயம். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி சபைக்கென்று அதில் விழும். எங்கள் பக்கத்துக் கள்ளன்கூட அதைத் தொடமாட்டான்.

"நாப்பத்தொரு நாளு அரிசி! இன்னிக்குக் கோயில்ல கஞ்சிக்கு ஆச்சு." ஞானபாய் கலயத்தைத் தன் சாக்கில் கவிழ்த்தாள்.

சத்தியபாயின் முகம் வெளுத்தது.

"பிள்ளே... அது இருக்கட்டும்... அடுத்த ஆழ்ச்ச தாறேன்..."

"கர்த்தருக்குக் கடனா சொல்லுதிய மைனி? வெக்கமா இல்லியா?"

சாக்கு போய்விட்டது!

பகல் ஒரு மணி. சபைக் கோயில் முற்றத்தில் கஞ்சி. கடையடைப்பில் கூலி இழந்தவர்களுக்கென்று வைத்தது. பசிக்குக் கட்சி ஏது? எல்லாரும் உட்கார்ந்தார்கள். அரிசி களையக்கூடப் பொறுமையில்லாமல் உலையில் போட்டிருந்தார்கள்.

பாதிப் பேர் குடித்து முடித்தபோது...

டங்!

ஞானபாயின் அகப்பையில் ஏதோ தட்டியது. தூக்கினாள். கஞ்சி சொட்டச் சொட்ட, வெயிலில் மின்னிக்கொண்டு...

வான்டெல் மாலை!

"இதாணோ அம்மச்சி?" இன்ஸ்பெக்டர் வாங்கி நீட்டினார்.

சத்தியபாய் இரு கையாலும் பறித்தாள். திரும்பி நின்று, மேல்முண்டில் முகம் புதைத்து அழுதாள். பிறகு...

"அய்யோ! நடுக்கல்லக் காணல்லியே!"

மாலையின் நடுவில் ஒரு பள்ளம். புளியங்கொட்டை அளவு வைரம் இருந்த இடம்!

"கஞ்சி குடிச்சவன் ஒருத்தனும் போகண்டா!" இன்ஸ்பெக்டர் விசிலடித்தார். "ஆரோ விழுங்கியாச்சு. வெளிய வர்ற வரைக்கும் எல்லாரும் காவல்ல!"

எண்ணினார்கள். நாற்பத்திரண்டு பேர்.

"நாப்பத்திமூணு," என்றான் கனகதாஸ். "நீரும் ரெண்டு சிரட்ட குடிச்சீரே சாரே!"

இன்ஸ்பெக்டர் வயிற்றைத் தடவினார். "ஸ்டேஷன்ல எடமில்ல. எவிடெ வைக்க?"

"எனக்க வீட்டுல எடமுண்டு," என்றாள் சத்தியபாய். சட்டென்று.

மூன்று நாள்!

கனகதாஸ் முற்றத்தின் குறுக்கே சுண்ணாம்பால் கோடு போட்டு, தெற்கே தமிழ்நாடு என்றான். கூட்டத்துக்கென்று மூட்டிய அடுப்பு கோட்டின் மேல் இருந்தது. காப்பி இரண்டு பக்கமும் போயிற்று. முதல் நாள் கோட்டுக்கு இருபுறமும் நின்று ஏசினார்கள். இரண்டாம் நாள் உட்கார்ந்து ஏசினார்கள். மூன்றாம் நாள் அப்புக்குட்டன் கோட்டின் மேலேயே படுத்துக் குறட்டை விட்டான்.

சத்தியபாய் மட்டும் உட்காரவே இல்லை. "மக்கா, இன்னும் ஒரு வாய் குடி..." என்று சுற்றிச் சுற்றி வந்தாள்.

கான்ஸ்டபிள்கள் இருவரும் மரச்சீனித் தோட்டத்தில் பார்த்த டூட்டியை நான் விவரிக்கப் போவதில்லை. ஒரு கல்லும் கிடைக்கவில்லை என்பதோடு விடுகிறேன்.

பொழுது போகாமல் இன்ஸ்பெக்டர் பம்பாய் சேட்டின் கடிதங்களைப் படித்தார். கடைசிக் கடிதத்தில் கண் நின்றது.

'வான்டெல் பதித்த கல் கொதிநீரிலும் அசையாது. நடுக்கல் மட்டும், மோதிரத்தில் மாற்றிப் போட வசதியாக, இடப்பக்கம் மூன்று சுற்றுச் சுற்றினால் கழன்று வரும். என்னிடமும் ஒரு வான்டெல் மாலை உண்டு; இந்த இரகசியம் உடையவருக்கு மட்டுமே தெரியும்.'

உடையவருக்கு மட்டும்!

அடுக்களைக்குப் போனார்.

"அம்மச்சி... அந்த மேல்முண்டு முடிச்சு ஒண்ணு அவுக்கணும்."

சத்தியபாய் காப்பியை இறக்கி வைத்தாள். முடிச்சை அவிழ்த்தாள்.

வைரம்!

"மாலைய அரிசில ஒளிச்சது?"

"நானாக்கும். அத ஆரும் தொடமாட்டாவன்னு நெனச்சேன். வீடு நெறைய ஆளு வந்தா, கலயத்து அரிசிய எடுக்க ஞானபாயும் கூட வருவான்னு யோசிக்கல்ல."

"எதுக்கு இந்தக் கள்ளக் கூப்பாடு?"

"நாப்பத்தொரு நாளு சாரே... 'எப்பிடி இருக்கிய'ன்னு கேக்க ஒரு ஆளில்ல. களவுன்னு கத்தினா வருவாவ. வந்தாவளே!"

முற்றத்தில் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது.

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். "கள்ளப் புகார் குற்றமாக்கும். ஆறு மாசம் ஜெயில் கிட்டும்."

சத்தியபாய் யோசித்தாள்.

"ஜெயில் முறி ஒண்ணுல எத்தன பேரு உண்டு?"

"ஆறு பேர்."

அவள் பரணிலிருந்த கருப்பட்டிப் பானையை இறக்கினாள்.

"அப்போ ஏழு பேருக்கு எடுத்துக்கிடுதேன் சாரே!"